நிதி திரட்டக் கடல் நீச்சல்: வல்வெட்டித்துறையிலிருந்து தொண்டைமானாறு வரை நடத்தலாமா?

கேள்வி: வடகரை நீச்சல்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வடமராட்சியில் கிழமைக்கு மூன்று காலைகள் ஒன்றாக நீந்தும் இருபது பேர். எங்களுக்குச் சங்கமும் இல்லை, பதிவும் இல்லை. தேநீருக்குக்கூடப் பொதுப்பணம் வைத்துக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு எங்களில் ஒருவருடைய தாயார் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றபோது நாங்கள் மாறிமாறித் துணைக்குப் போய் இருந்தோம். சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்றாலும், நெடுந்தீவிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வருகின்ற ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும் சேர்ந்து எவ்வளவு பெரிய சுமையாகிவிடுகின்றன என்பதை அந்த விறாந்தையில் இருந்தபோதுதான் அறிந்துகொண்டோம். அத்தகைய நோயாளரின் பயணச் செலவுக்காக ஒரு கடல் நீச்சல் நடத்திப் பணம் சேர்க்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

வல்வெட்டித்துறையில் இறங்கித் தொண்டைமானாறு நோக்கி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீந்துவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் பாக்குநீரிணையைக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் அங்கிருந்து நீந்தியே திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். இருவருடைய ஊர்களையும் இணைக்கும் பாதை என்று சொன்னால் புலம்பெயர்ந்த உறவுகளும் ஆர்வத்துடன் உதவுவார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் விடுமுறைக்கு வந்து நிற்கும் ஓகஸ்ட் மாதமே பொருத்தமாகத் தெரிகிறது. அந்த மாதத்தில் எங்கள் கரைக்கடல் காலையில் கண்ணாடி போலக் கிடக்கும். ஒவ்வொருவரும் தாம் நீந்தும் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் இவ்வளவு என்று உறவினரிடமும் நண்பரிடமும் வாக்குப் பெறுவார்கள்.

எங்களில் பத்துப் பேர் தடாகத்தில் மூன்று கிலோமீற்றர் நிறுத்தாமல் நீந்தியவர்கள். மற்றவர்கள் ஒரு கிலோமீற்றரைத் தாண்டியதில்லை. மாதம், பாதை, படகு, அனுமதி ஆகியவற்றைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில் 1: பாரடி

தம்பி, நோக்கம் நல்லது. நான் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கி வருகிறவன். கடல் கண்ணாடி போலக் கிடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் அந்தக் கண்ணாடியில்தான்.

ஓகஸ்டில் வீசுவது சோளகம். அது தென்மேற்குக் காற்று. எங்கள் கரையோ வடக்கு நோக்கிய கரை. ஆகவே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வீடுகளும் பனைகளும் மறைப்பதால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை, நீரும் அசையாததுபோலத் தெரியும். இருநூறு மீற்றர் வெளியே போனதும் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் உங்களை வடக்கே கொண்டுபோகும். களைத்தவன் கரைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில்தான் காற்று அவனுக்கு எதிராக நிற்கும். நம்பாவிட்டால் ஒரு தேங்காய்மட்டையை எடுத்துக்கொண்டு கழுத்தளவு நீருக்குப் போய், அங்கே விட்டுவிட்டுக் கரையில் வந்து நின்று பத்து நிமிடம் பாருங்கள். மட்டை நீரில் அமிழ்ந்து மிதப்பதால் காற்றைவிட நீரோட்டத்தின் போக்கையே கூடுதலாகக் காட்டும்.

சோளகக் காலத்தில் நீரோட்டமும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியது. நீங்கள் தெரிந்த பாதை கிழக்கிலிருந்து மேற்கு. மூன்று கிலோமீற்றரையும் எதிர்நீச்சலில் போகப்போகிறீர்கள். திசையை மாற்றித் தொண்டைமானாற்றில் தொடங்கினால் நீரோட்டம் உதவும், ஆனால் விடியற்சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். முன்னே இருக்கும் மிதவை தெரியாது. கிழக்கே போகும்போது கரை வலப்பக்கத்தில் இருப்பதால், வலப்பக்கமாக மூச்செடுக்கப் பழகியவர்கள் பனைகளையும் கோபுரத்தையும் பார்த்துத் திசை பிடிக்கலாம். இடப்பக்கம் மட்டும் மூச்செடுப்பவர் வெறும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு போவார்.

என் யோசனை வேறு. வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழும்புவதற்கு முன்னுள்ள மார்ச், ஏப்ரலில் ஒரு நாளைத் தெரிந்து, கரைக்குச் சமீபமாக ஐந்நூறு மீற்றர் சுற்று ஒன்றை மூன்று செம்மஞ்சள் மிதவைகளால் அமைத்து, முடிந்தவர் ஆறு சுற்றும் முடியாதவர் ஒரு சுற்றும் நீந்தட்டும். ஒவ்வொரு சுற்றும் கரைக்கருகே வந்து போவதால் களைத்தவர் நடந்து வெளியேறலாம். கடலில் இறங்குவதும் ஏறுவதும் வான் வழியாகவே இருக்கட்டும். வான் என்பது, பார் எனும் கரையோர முருகைக்கல் திட்டின் நடுவே படகு போய்வரும் இடைவெளி. பாரின்மேல் கால் வைத்தால் முருகைக்கல் உள்ளங்காலைக் கிழித்துவிடும். படகுகளுக்கும் அதே வான்தான் வழி என்பதால், நீந்துகிறவர்கள் இறங்கும் நேரத்தில் படகு எதுவும் வராதபடி ஒழுங்கு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் தவறுகிறார்கள். நீந்துவதற்கு நல்ல நேரம் காலை ஆறு முதல் எட்டு வரை. இரவுத் தொழிலுக்குப் போன படகுகள் கரைக்கு வருவதும் அதே நேரத்தில்தான். நித்திரையின்றி வருகிற ஒருவர் நீருக்கு மேலே தெரியும் ஒரு தலையைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதலில் போக வேண்டிய இடம் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். தொழிலுக்குப் போகாத நாளை அவர்களே சொல்லுவார்கள். அதற்குப் பிறகு நகரசபை, பொலிஸ், கரையோரக் காவற்படை, கடற்படை ஆகிய எல்லோருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வடகரையில் இருபது பேர் சொல்லாமல் கடலில் இறங்குவது விரும்பத்தக்கது அன்று.

படகுக்காரரிடம், “நல்ல காரியம்தானே, சும்மா வாருங்கள்” என்று கேட்காதீர்கள். எண்ணெய்ச் செலவையும் ஒரு நாள் உழைப்பையும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். எஞ்சின் படகு இரண்டு போதும். அவை வெளிப்பக்கத்தில் நிற்கட்டும், நீந்துகிறவரை அணுகும்போது எஞ்சினை நிறுத்திவிட்டே அணுகட்டும். நீந்துகிறவர்களுக்கு நடுவே நிற்பதற்குக் கட்டுமரத்தைப்போல் நல்லது எதுவும் இல்லை. அதற்கு எஞ்சின் படகைப்போல் நீருக்குள் சுழலும் விசிறி இல்லை. நீர்மட்டத்தோடு கிடப்பதால் களைத்தவர் ஏறவேண்டிய தேவையும் இல்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டாலே போதும். ஐந்து பேருக்கு ஒரு கட்டுமரம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

சொறி எனும் ஜெலிமீன் உடலில் பட்டால் நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். கடல்நீரால் கழுவிவிட்டுத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் பிடியுங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பதில் 2: தேம்ஸ்கரைத் தமிழன்

பாரடி அண்ணா சொன்னவற்றோடு இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். நான் இங்கிலாந்தில் திறந்த நீர் நீச்சலில் ஈடுபடுகிறவன். எங்களுக்கு இங்கே குளிர்தான் எதிரி, உங்களுக்கு வெப்பம். ஏப்ரலில் ஆழமற்ற கரைக்கடல் 30 பாகை செல்சியசைத் தொடக்கூடும். நீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. 2010 ஒக்டோபரில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் உலகக் கிண்ணப் போட்டியில் பிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர் வெதுவெதுப்பான கடலில் உயிரிழந்தார். அவர் கரைசேரவில்லை என்பதைப் போட்டி முடிந்த பின்னர் சக வீரர் ஒருவர் கவனித்தார். தேடல் அதற்குப் பிறகே தொடங்கியது. நீர் 31 பாகைக்கு மேல் இருந்தால் போட்டி கூடாது என்ற சர்வதேச விதி அதற்குப் பிறகு வந்ததுதான். உங்களிடம் இருக்க வேண்டியவை ஒரு வெப்பமானியும், ஒரு பெயர்ப்பட்டியலும், அந்தப் பட்டியலை விட்டு எழும்பாமல் கரையில் இருக்கும் ஒருவரும். இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்பதே அவருடைய ஒரே வேலையாக இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கோ தேநீர் பரிமாறுவதற்கோ அவரைக் கூப்பிடக்கூடாது.

இரண்டாவது, பணத்தைப் பற்றியது. நூறு மீற்றருக்கு இவ்வளவு என்று வாக்குப் பெறுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் இங்குள்ள ஏரியொன்றில் சிறுவர் இல்லத்துக்காக நடந்த நீச்சலில், சுற்றுக்கு ஐந்து பவுண் என்று மாமிமார், சித்தப்பாமார் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தேன். மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்தது. பாதுகாப்புப் படகு இருபது மீற்றரில் நின்றது. கையை உயர்த்தியிருந்தால் வந்திருக்கும். நானோ அடுத்த சுற்றுக்கு எத்தனை பவுண் என்று மனத்துக்குள் கூட்டிக்கொண்டே ஒற்றைக்காலால் நீந்தினேன். நான்காவது சுற்றின் நடுவே இரண்டாவது காலும் பிடித்து, தண்ணீர் குடித்து, கடைசியில் என்னைச் சட்டைக்கொலரில் பிடித்துத் தூக்குவதுபோல்தான் தூக்கினார்கள். நான் விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு நட்டம் என்ற எண்ணம் கையை உயர்த்தவிடாமல் பிடித்து வைத்திருந்தது. நாற்பது பவுணுக்காக, அதுவும் மற்றவர்களுடைய நாற்பது பவுணுக்காக, நான் செய்த மடைத்தனம் அது. கடலில் இறங்குவதற்கு முன்னரே பணம் முழுவதையும் வாங்கி முடித்துவிடுங்கள்.

பதில் 3: உப்புக்காற்று

நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள், நீந்தவும் செய்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி தேம்ஸ்கரை சொல்வது முற்றிலும் சரி. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, நீங்கள் குறிப்பிடும் அதே தெல்லிப்பழைக்குப் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டிய நடைபவனி பலருக்கு நினைவிருக்கும். அதில் முழுத்தூரமும் நடந்தவர்களோடு ஒரு நாள், இரண்டு நாள் சேர்ந்து நடந்தவர்களும் இருந்தார்கள். கொடுத்தவர்கள் வைத்தியசாலைக்குத்தான் கொடுத்தார்கள். நடந்தவரின் கிலோமீற்றருக்குக் கொடுக்கவில்லை.

பதிவில்லாத குழு என்கிறீர்கள். அப்படியானால் பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். படகு, மிதவை, உணவு ஆகியவற்றின் செலவை நன்கொடையிலிருந்து எடுக்காமல், ஊர்க் கடைக்காரர் சிலரிடம் தனியே கேட்டுப் பெறுங்கள். அப்போதுதான், தந்த பணம் முழுவதும் நோயாளருக்கே போயிற்று என்று நீங்கள் நிமிர்ந்து சொல்லலாம்.

இருபது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததே விடையாக இருக்கலாம். நான் முன்பு கலந்துகொண்ட ஒரு நிகழ்வில் உடைமாற்ற மறைப்பு இல்லை. ஈர உடையோடு முச்சக்கரவண்டியில் வீடு வந்தேன். மறுநாள் கரையேறும் நேரத்தில் எடுத்த படம் முகநூலில் கிடந்தது. அதன்பிறகு என்னோடு வந்த மூன்று பிள்ளைகளை வீட்டில் விடவில்லை. இரண்டு கூடாரங்களும், கரையேறும் இடத்தில் படம் எடுக்கக்கூடாது என்ற ஒரு விதியும் போதும், கூட்டம் இரட்டிப்பாகும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சலுடையை அனுமதியுங்கள். சுடிதாரோடு இறங்கலாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நனைந்த பருத்தித் துணி காலைச் சுற்றிக்கொண்டால் நல்ல நீச்சற்காரியும் தத்தளிப்பாள்.

பாரடி அண்ணாவோடு எனக்கு ஒரு விடயத்தில் உடன்பாடில்லை. சுற்றிச் சுற்றி நீந்துவதைப் பார்க்க யார் வருவார்கள்? அந்தப் பத்துப் பேரை மட்டும் ஊர்விட்டு ஊர் நீந்தவிட்டு, மற்றவர்களைச் சுற்றில் விடலாமே?

பதில் 4: பாரடி

தங்கச்சி, பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றுத்தான் வசதி. ஒரே இடத்தில் நின்று ஆறு தடவை பார்க்கலாம். இரண்டு பாதை என்றால் படகும் இரண்டாகப் பிரியும், பட்டியலும் இரண்டாகும். முதல் வருடத்தில் அது வேண்டாம். உடை, கூடாரம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது என் பிழை.

கேள்வி கேட்டவர்: வடகரை நீச்சல்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறரைக்கு மூன்று பேர் போய் மட்டையை விட்டுப் பார்த்தோம். முதல் இரண்டு நிமிடம் அது அசையவே இல்லை என்றுதான் நினைத்தோம். பத்தாவது நிமிடத்தில் பாரைத் தாண்டிக் கிழக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு அது மட்டையா காகமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எங்களில் வேகமாக நீந்தும் தம்பி அதைப் போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றோம்.

ஓகஸ்ட் இல்லை என்று முடிவாகிவிட்டது. மார்ச் மாதத்தில் சுற்று நீச்சலாகவே வைத்துக்கொள்கிறோம். நீந்துகிறவர் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கும் பணத்துக்கும் தொடர்பிருக்காது. பெண்கள் எங்களில் இருவர்தாம், அக்கா. கூடாரத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டோம்; அவர்கள் சொன்ன பட்டியல் உங்களுடையதைவிட நீளமானது. பாரடி அண்ணா, வரும் சனிக்கிழமை சங்கத் தலைவரைச் சந்திக்க எங்களோடு வர முடியுமா?

பதில் 5: பாரடி

வருகிறேன். ஒன்பது மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன்னர் அவர் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்பார், எவரோடும் பேசமாட்டார்.