மென்பொருளின் பழைய வெர்ஷனை விட்டுப் புதியதற்கு மாறியபோது உங்களுக்கு என்ன நடந்தது? (கடலூர், புதுச்சேரி டிசைன் வேலை செய்பவர்கள்)

பாதிரிப்புலியூர் டிடிபி

நானே ஆரம்பிக்கிறேன். போன கார்த்திகையில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கடையில் இருந்த எக்ஸ்பி கணினியின் மதர்போர்டு போய்விட்டது. 2011 தானே புயலில் கூரை ஷீட் பறந்தபோது நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த மெஷினைத்தான். இனி அதைச் சரிபார்க்க முடியாது என்றார்கள். புதிய கணினி வாங்கி, பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளுக்குச் சந்தாவும் கட்டினேன். மூன்றாம் நாள் இரவு 9 மணிக்கு ஒரு தம்பி வந்தார். அம்மா இறந்து பத்து நாள். 2013-இல் அப்பாவுக்கு என்னிடம் அடித்த காரியப் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தார். "இதே எழுத்துல, இதே மாதிரி அம்மாவுக்கும் வேணும்ணே. ரெண்டையும் ஒண்ணா சட்டம் போட்டு மாட்டப் போறோம்" என்றார்.

ஃபைல் என்னிடம் இருந்தது. ஆனால் அது பேஜ்மேக்கர் 7 என்ற பழைய மென்பொருளில் செய்தது. அந்த ஃபைலை இன்டிசைனின் பழைய சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறக்கும், அதற்குப் பிந்தைய, சந்தாவில் வரும் சிசி பதிப்புகள் திறக்காது என்று எனக்கு அன்றிரவுதான் தெரிந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் கடையில் சிஎஸ்6 இருந்தது. அனுப்பி, மாற்றி வாங்கித் திறந்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவைப் புதிய மெஷினில் நான் இன்னும் ஏற்றவில்லை. பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்தாக வந்து நின்றது. 'இப்படிக்கு' என்ற சொல் ஒரு காற்புள்ளியில் தொடங்கி, புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளியோடு இருந்தது. அந்தத் தம்பி திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "அம்மா பேரு இதுல எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டார். என்னாலும் உடனே காட்ட முடியவில்லை.

சந்தா எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டவன்தான் நான். கடையில் இருக்கும் இத்தனை வருட ஃபைல்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை ஃபிளெக்ஸ்

எங்களுக்கு இதற்கு நேர் எதிர். நாங்கள் மாறாமல் இருந்ததால் வந்த வினை.

பேனர் டிசைன் செய்யும் கோரல் மென்பொருளின் பழைய எக்ஸ்4 வெர்ஷனிலேயே பல வருடம் ஓட்டினோம். மாசி மகத்துக்கு முதல் நாள் இரவு, வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்கு வரும் ஒரு சுவாமிக்கு வரவேற்பு பேனர். டிசைன் வெளியில் வேறொருவர் செய்தது, அவரிடம் இருந்தது புதிய வெர்ஷன். புதியதில் சேமித்த சிடிஆர் (கோரல்) ஃபைலைப் பழைய கோரல் திறக்காது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "எக்ஸ்4-க்கு இறக்கி, எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணி, அதாவது கோட்டுப் படமாக்கி, அனுப்புங்கள்" என்று சொல்ல போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. நள்ளிரவு தாண்டிவிட்டது. மெஷினில் ஹெட் சூடாகி, இங்க் ஏற்றி, ரோல் மாட்டித் தயாராக நிற்கிறது. கோயில் நிர்வாகி, பெரியவர், ஃபிளெக்ஸ் ரோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. "சாமி ஊர் எல்லைக்கு வந்துடுவார்ப்பா, அஞ்சு மணிக்கு" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

விடியற்காலை 4 மணிக்கு டிசைன் செய்தவர் போனை எடுத்தார். பேனர் கட்டும்போது ஈரம்கூடக் காயவில்லை.

அடுத்த மாதமே புது வெர்ஷன் வாங்கிவிட்டோம். கோரலில் ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வழியும் உண்டு, சந்தாவும் உண்டு. நாங்கள் முதல் வழியில் போனோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிறோம். அந்த மாதங்களிலும் சந்தா கட்ட வேண்டுமா என்பதுதான் எங்கள் வீட்டில் நடந்த ஒரே விவாதம்.

நெல்லிக்குப்பம் ஆல்பம்

ஆடி மாதம் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு மென்பொருளை ஆண்டுத் திட்டமாக எடுத்து, மாதாமாதம் கட்டினேன். ஆடி பிறந்ததும் நிறுத்தலாம் என்று ரத்து பட்டனை அழுத்தினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டினால்தான் விடுவோம் என்று திரையில் வந்தது. 'மாதம் இவ்வளவு' என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் படித்தேன், பக்கத்தில் 'ஆண்டு ஒப்பந்தம்' என்று இருந்ததைப் படிக்கவில்லை. ரத்து செய்யாமல் மாதாமாதம் கட்டியே ஓட்டிவிட்டேன். தையில் திரும்பவும் வேலை வந்தது, சரி. ஆனால் அந்த ஐந்து நிமிடம் வயிறு கலங்கியது.

சேதராப்பட்டு

இத்தனை பேர் எதற்கு இப்படித் தவிக்கிறீர்கள்? எங்கள் பக்கம் பாதிக் கடைகளில் கிராக் பண்ணிய திருட்டு நகல்தான். பத்து வருடமாக யாரும் வந்து கேட்டதில்லை.

செம்மண்டலம் பிளான்

சேதராப்பட்டு நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் வரவில்லை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடை வைத்துப் பிழைக்கிறவர்கள் அந்த ஆபத்தையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி என் கதை. வீட்டுப் பிளான் போடுகிறேன். பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருளின் 2014 பதிப்பு, நிரந்தர உரிமம், சொந்தப் பணத்தில் வாங்கியது. 2016 ஜனவரியோடு ஆட்டோகேடுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். சில்வர் பீச் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. புதுச்சேரியிலிருந்து ஆர்க்கிடெக்ட் மாற்றிய டிராயிங் அனுப்பினார். 2018 வடிவத்தில் சேமித்த ஃபைல், என் 2014-இல் திறக்கவில்லை. அன்று எனக்கு வேறு சைட்டில் கான்கிரீட். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், சின்ன மாற்றமாகத்தான் இருக்கும் என்று பழைய பிடிஎஃப் பிரிண்ட்டை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போனால் நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி போட்டு, போர்ட்டிகோ பக்கம் மூன்று தூண்களுக்குக் குழி தோண்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கும் ஆர்க்கிடெக்ட் புது டிராயிங்கின் பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். சத்தம் போடாமல் டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, இன்னொரு முனையோடு நடந்துபோனார். 11 அடி. டேப்பைச் சுற்றிக்கொண்டே, "படத்துல 12 அடி 3 அங்குலம் போட்டிருக்கு சார்" என்றார். மூன்று குழியையும் மூடி, வேறு தோண்டிக் கொடுத்தோம். கூலி என் கணக்கு. அந்தப் பணம் போனதைவிட, அவர் டேப்பை என் கையில் கொடுத்த விதம்தான் மறக்கவில்லை.

இதைப் படிக்கும் பிளான் வேலைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் விவரம். ஃபைல் திறக்கவில்லை என்பதற்காக உடனே சந்தா எடுக்க வேண்டியதில்லை. டிடபிள்யூஜி ட்ரூவியூ என்று ஒரு மென்பொருளை, ஆட்டோகேட் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது. அதில் புதிய டிடபிள்யூஜி ஃபைலை, அதாவது ஆட்டோகேட் ஃபைலைத் திறந்து 2013 வடிவத்துக்கோ 2010 வடிவத்துக்கோ இறக்கிக்கொள்ளலாம். அது எனக்கு அன்று தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. அடுத்தது, மாதத்தில் சில நாள்தான் ஆட்டோகேட் தேவை என்றால் 'ஃபிளெக்ஸ்' என்ற பெயரில் முன்கூட்டியே வாங்கி வைக்கும் டோக்கன் இருக்கிறது (பேனர் ஃபிளெக்ஸ் இல்லை). திறக்கும் நாளுக்கு மட்டும் டோக்கன் கழியும். ஆனால் வாங்கிய டோக்கன் ஓராண்டில் காலாவதியாகிவிடும், அதிகமாக வாங்கி வைக்காதீர்கள். மூன்றாவது, பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற வேறு நிறுவன மென்பொருள்கள் டிடபிள்யூஜி ஃபைலிலேயே வேலை செய்கின்றன, அவற்றில் நிரந்தர உரிமமும் கிடைக்கிறது. இரண்டையும் சோதனைப் பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். புது ஃபைல் போட்டுப் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய, பழைய, பிளாக் (திரும்பத் திரும்பப் போடும் படத் துண்டு) நிறைந்த ஃபைலைப் போட்டுப் பாருங்கள். நான் ஒன்றை வாங்கினேன். வேலையைச் சுருக்க நான் வைத்திருக்கும் சிறு நிரல்களான லிஸ்ப் கோப்புகளில் இரண்டு ஓடவில்லை, மற்றவை ஓடுகின்றன. அப்புறம், ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் பில்லில் உங்கள் எண் வருகிற மாதிரி வாங்குங்கள். 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். நிறைய பேர் தனிப்பட்ட கணக்கில் வாங்கிவிட்டு அதை இழக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை ஃபிளெக்ஸ்

செம்மண்டலம் சார், உங்கள் விவரம் நல்லது. ஆனால் உங்கள் வேலையில் எழுத்து குறைவு, கோடு அதிகம். எங்களுக்கும் பாதிரிப்புலியூர் அண்ணனுக்கும் எழுத்துதான் எல்லாம். தமிழ் எழுத்து சரியாக வராத மென்பொருள் இலவசமாகக் கொடுத்தாலும் எங்களுக்கு ஆகாது.

லாஸ்பேட்டை அச்சு

அதைத்தான் சொல்ல வந்தேன். சிறுபத்திரிகை ஒன்றுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறேன். விலை குறைவு என்று ஒரு மென்பொருளுக்கு மாறினேன், பெயர் வேண்டாம். 64 பக்கம் கட்டி, புரூஃப் எடுத்து, மெய்ப்புப் பார்க்கும் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் தமிழாசிரியராக இருந்தவர். இரண்டு நாள் கழித்துக் கொடுத்த தாள்களில் முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். 'கொடி' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கோயில்', 'தொழில்', 'போர்' எல்லாமே அப்படி. இரண்டாம் பக்கத்தில் வட்டம் பாதிவரை. மூன்றாம் பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை. கடைசித் தாளின் ஓரத்தில் "கொம்புகளைத் திருத்திக் கொண்டு வாருங்கள், பிறகு படிக்கிறேன்" என்று சின்னதாக எழுதியிருந்தார். கட்டும்போது நான் படங்களையும் வரி இடைவெளியையும்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை. தமிழில் பக்கம் கட்டுகிறவன் அதைப் பார்க்காமல் கொடுத்திருக்கக் கூடாது.

பாதிரிப்புலியூர் நண்பர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்டிசைனில் யூனிகோட் தமிழ் (பாமினி போல இல்லாமல், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) சிதறினால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தேர்வைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றினாலே கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்னொன்று, உங்கள் பழைய எழுத்துருக்களில் டைப் 1 என்ற பழைய வகை இருந்தால் அவை இனி வராது. இன்டிசைன் செய்யும் அடோபி 2023 ஜனவரியோடு அந்த வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பாமினி டிடிஎஃப் என்ற இன்னொரு வகையாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். சந்தா கட்டுவதற்கு முன் எழுத்துரு ஃபோல்டரைத் திறந்து எது எந்த வகை என்று பார்த்துவிடுவது நல்லது.

நான் இப்போது ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளில் பக்கம் கட்டுகிறேன். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக நிற்கிறது, அச்சுக்கு வேண்டிய நான்கு வண்ண (சிஎம்ஒய்கே) பிடிஎஃப் நேராகக் கொடுக்கிறது. அட்டைப்பட எழுத்து மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில். இலவசம்தான். ஆனால் கை பழக எனக்கு நான்கு மாதம் ஆயிற்று, அந்த நான்கு மாதத்தில் இரண்டு இதழ் தாமதம். அந்தத் தாமதத்தையும் விலையாகத்தான் எண்ண வேண்டும்.

நெல்லிக்குப்பம் ஆல்பம்

அந்தக் காரியப் பத்திரிகை என்ன ஆயிற்று அண்ணே? அதைச் சொல்லவே இல்லையே.

பாதிரிப்புலியூர் டிடிபி

சொல்கிறேன். அன்றிரவு அந்தத் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டினேன். எழுத்துரு ஃபோல்டரில் பாமினி டிடிஎஃப் ஆகவே இருந்தது. ஏற்றியதும் பக்கம் முழுவதும் தமிழானது. இரவு 12 மணி இருக்கும். தம்பி சொன்ன பெயர் அப்பா பத்திரிகையில் 'மனைவி' என்ற வரியில் இருந்தது. அதைப் பிரதி எடுத்து, மேலே பெரிய எழுத்தில் போட வேண்டிய இடத்தில் போட்டேன். அதே அளவு, அதே எழுத்து. மறுநாள் காலை 11 மணிக்கு 200 பத்திரிகை கொடுத்துவிட்டேன்.

லாஸ்பேட்டை ஐயா சொன்ன கம்போசர் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. மஞ்சக்குப்பம் நண்பர் சிஎஸ்6 மெஷினை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேஜ்மேக்கர் ஃபைல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து இன்டிசைன் ஒன்று, பிடிஎஃப் ஒன்று எடுத்து வைக்கிறேன். இதுவரை 2009-ஆம் ஆண்டு ஃபைல்கள் முடிந்திருக்கின்றன. காரியப் பத்திரிகைகளை முதலில் எடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகையை யாரும் திரும்ப அதே மாதிரி கேட்டு வருவதில்லை.