சாரா மாறியா, இடுமாறியா?

வணக்கம்.

சோதனையில் நாம் மாற்றிப் பார்க்கிற இண்டிபெண்டென்ட் வேரியபிளுக்குச் சாரா மாறி, அதனால் மாறுகிறதா என்று அளக்கிற டிபெண்டென்ட் வேரியபிளுக்குச் சார்ந்த மாறி என்று ஏற்கெனவே சொற்கள் இருக்கும்போது புதிது எதற்கு என்று, கலைச்சொற்களைப் பற்றிய நம் குழுவின் இந்த இழையில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கணக்குப் பாடத்தில் அவற்றின்மேல் கைவைக்க எனக்கும் விருப்பமில்லை. ஃபங்ஷனையே நாம் சார்பு என்கிறோம். வட்டத்தின் பரப்பு ஆரத்தைச் சார்ந்தது. அங்கே ‘சார்ந்த மாறி’ என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. சிக்கல் ஆய்வகத்தில்தான்.

தனி ஊசலை, அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டை, எடுத்துக்கொள்வோம். நூலின் நீளம் 25 செ.மீ. என்றால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 1 நொடி, 100 செ.மீ. ஆக்கினால் 2 நொடி. நீளம் சாரா மாறி, அலைவு நேரம் சார்ந்த மாறி. சரி. அடுத்து, நீளத்தை அப்படியே விட்டுவிட்டு மரக்குண்டைக் கழற்றி அதே பருமனுள்ள இரும்புக் குண்டை மாட்டுகிறோம். அலைவு நேரம் மாறவில்லை. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “எடையைச் சாரவே இல்லையே சார், அப்புறம் ஏன் சார்ந்த மாறின்னு எழுதணும்?” பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

சார்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தானே சோதனை? நாம் வைத்த பெயரோ நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. ‘சார்ந்த’ இறந்தகாலப் பெயரெச்சம். காரியம் முடிந்துவிட்டது என்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் இந்தக் குறை உண்டு, ஆனால் அதையும் சேர்த்து இறக்குமதி செய்யவேண்டுமா என்ன?

இந்த இழையில் வந்த ‘மாற்றி – மாறி’ இணை அழகானது. நாம் மாற்றுவது, தானாக மாறுவது, பிறவினை, தன்வினை. ஆனால் மின்மாற்றி ஏற்கெனவே தெருமுனையில் நிற்கிறது. தவிர, ஒரே ஓர் ஒற்றில் இருக்கிற வேறுபாடு தேர்வுத்தாளில் என்ன பாடுபடும் என்று திருத்துகிறவர்களுக்குத் தெரியும்.

என் பரிந்துரை: இடுமாறி, விளைமாறி. விதை, உரம் எல்லாவற்றையும் இடுபொருள் என்றும், கிடைப்பதை விளைபொருள் என்றும் உழவர்களிடம் பேசும்போது சொல்கிறோம். இட்டது நாம், விளைந்தது வயலில். இந்த உவமை வலிந்து கொண்டுவந்ததும் அல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843இல் லாஸ், கில்பர்ட் இருவரும் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. ஒரு கீற்றுக்கு ஒரு வகை உரம், இன்னொன்றுக்கு வேறு, ஒன்றுக்கு எதுவுமே இல்லை. இடுவது உரம், அளப்பது விளைச்சல். 1919இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர்தான் பின்னர் சோதனை வடிவமைப்பு என்ற துறைக்கே அடித்தளம் போட்டார். ஆகவே இந்தச் சொற்கள் வயலிலிருந்து ஆய்வகத்துக்கு வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

‘விளைமாறியும் முடிவை முன்கூட்டிச் சொல்வதுதானே, எதுவும் விளையாவிட்டால்?’ என்று அக்கா ஒருவர் தனிமடலில் மடக்கினார். ஓர் இரவு யோசித்தேன். மழை பொய்த்து ஒரு மணிகூட விளையாத ஆண்டிலும் விளைநிலம் விளைநிலம்தானே? விளைந்த, விளைகிற, விளையும் என்று மூன்று காலத்தையும் உள்ளே ஒளித்துக்கொண்டு எதற்கும் வாக்குக் கொடுக்காமல் நிற்பது வினைத்தொகை. அந்தக் கணக்கில் ‘சார்மாறி’ என்றாலும் ‘சார்ந்த மாறி’யைவிடத் தேவலை. புதுச்சொல் வேண்டாம் என்பவர்களோடு அந்த அளவுக்கு நான் இறங்கிவரத் தயார்.

மூன்றாவது ஒன்று மீதமிருக்கிறது: நீளத்தைச் சோதிக்கும்போது குண்டையும் வீச்சையும் (எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதை) மாற்றாமல் வைக்கிறோமே, அந்தக் கன்ட்ரோல்டு வேரியபிள். மாறாமல் பிடித்துவைப்பதற்கு மாறி என்று பெயர்! இதற்கு இழையில் வந்த ‘நிலைமாறி’ என்ற பரிந்துரையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நிலை மாறிப்போனது என்றல்லவா காதில் விழுகிறது. ‘கட்டுமாறி’ எப்படி? கட்டிவைத்த மாறி. கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. வேறு நல்லதாக வரும்வரை கரும்பலகையில் அதைத்தான் எழுதப்போகிறேன், பக்கத்தில் பாடநூல் சொல்லையும் சேர்த்து. பிள்ளைகளுக்கு மதிப்பெண் போய்விடக்கூடாது.

அன்புடன்.