நடைபாதை ஓரம் நாட்டுச் செடிகள்: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

நொச்சிவேலி:
வணக்கம். நகருக்குள் கால்வாயை ஒட்டிப் போகும் இயற்கை நடைபாதையில் வேலை செய்ய எங்கள் தன்னார்வலர் குழுவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நுழைவாயில் பக்கம் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அயல்நாட்டுக் களையின் புதர், இடையிடையே பார்த்தீனியம். ஆள் நடமாட்டம் குறைந்த கடைசிப் பகுதியில் ஆவாரை, எருக்கு, நொச்சி எல்லாம் தானாகவே செழித்திருக்கின்றன. உண்ணிச்செடி அங்கே இப்போதுதான் தலைகாட்டுகிறது. நுழைவாயில் புதரை இயந்திரம் வைத்து ஒரேயடியாக அழித்துவிட்டு மரக்கன்று நடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

களைக்கொத்து:
கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நன்றாக இருக்கும் இடத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

1960களில் சிட்னி நகரில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் இதைச் செய்து காட்டினார்கள். நல்ல இடத்திலிருந்து மோசமான இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கிளறுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். நாட்டுச் செடிகள் திரும்ப முளைத்து இடம் பிடிக்கும் வேகத்தை மீறிக் களை எடுக்கக் கூடாது. இந்த மூன்றாவதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஆள் நிறையச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது.

இயந்திரம் புதரை எடுத்ததும் மண் கிளறப்பட்டு, வெயில் நேராக விழும். பார்த்தீனியத்துக்கு அதுதான் வேண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அடுத்த மழைக்கு அந்த இடம் முழுக்க அதுதான் நிற்கும். நட்ட கன்று கண்ணுக்கே தெரியாது.

உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டிப் பயனில்லை, தூரிலிருந்து துளிர்த்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மண்ணை விலக்கிப் பாருங்கள், கொஞ்சம் பருத்துத் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, செடியை அப்படியே பெயர்த்து, வேர் மண்ணில் படாதபடி தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்துவிடும். காய்கள் பழுத்துக் கறுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

அப்புறம், மழைக்குப் பிறகு மரத்தடிகளைப் பாருங்கள். பழம் தின்ற பறவைகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும் இடத்தில்தான் உண்ணி நாற்று கூட்டமாக முளைக்கும். ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடுங்கினாலே வந்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வேலையைத்தான்.

வரியன்:
இன்னும் சில விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எருக்கைக் களை என்று நினைத்துப் பிடுங்குபவர்கள் உண்டு. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும், இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வேலைக்கு முன் காக்க வேண்டிய செடிகளில் துணிநாடா கட்டிவிடுங்கள். உண்ணிப் புதருக்குள் சின்னான் பறவை கூடு கட்டும், அதனால் குஞ்சு பறக்கும்வரை அந்தப் புதரைத் தொட வேண்டாம். பார்த்தீனியம் பிடுங்கக் கையுறை கட்டாயம், சிலருக்குத் தோல் அரித்துப் புண்ணாகிவிடும்.

நொச்சிவேலி:
மிக்க நன்றி. மரக்கன்று நட ஆசையோடு வருபவர்களுக்கு என்ன சொல்வது?

களைக்கொத்து:
ஆசையைத் தடுக்காதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். களை எடுத்த இடத்தை ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். எதுவும் தானாக முளைக்காத இடத்தில் மட்டும் நடுங்கள், அதுவும் அதே நடைபாதையில் எடுத்த விதையிலிருந்து வளர்த்த கன்றாக இருக்கட்டும். ஆவாரையும் புல்லும் நிற்கும் திறந்த வெளியில் மரத்தைத் திணித்தால் நிழல் விழுந்து அவை போய்விடும். நடும் ஒவ்வொரு கன்றுக்கும் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று நடுவதற்கு முன்பே பெயர் எழுதி வையுங்கள். பெயர் எழுத ஆள் இல்லாத கன்றை நட வேண்டாம்.

நொச்சிவேலி:
சரி, இந்த ஞாயிறு கடைசிப் பகுதியில் தொடங்குகிறோம். நுழைவாயிலில் பாதையை மறைக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிடுகிறோம்.