ஆறு நிமிட எபிசோட்: முழு ஸ்கிரிப்டைப் பிரித்தால் ஏன் நிற்கவில்லை?

காலிவீடு கேட்டது:

வணக்கம். எபிசோடுக்கு ஆறு நிமிடம், மொத்தம் எட்டு எபிசோட் என்று ஒரு வெப் சீரிஸ் எழுதுகிறேன். ஒரே வாடகை வீட்டில் மூன்று நண்பர்கள். ஒருவனுக்கு வேலை போய்விட்டது, ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மூன்றாமவன் ஊருக்கே திரும்பப் போகிறான். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது முன்பணத்தைக் கேட்டால், "போன மாசமே உங்கள்ல ஒருத்தர் வாங்கிட்டுப் போயாச்சு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குள்ள பேசிக்கோங்க" என்கிறார் வீட்டுக்காரர்.

முழுக்கதையையும் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி முடித்துவிட்டேன். மொத்தமாகப் படித்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அதையே ஆறு ஆறு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தால் இரண்டாவது எபிசோடோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முடிவிலும் கதவு தட்டும் சத்தம், பாதியில் துண்டிக்கும் போன் என்று ஏதோ ஒரு திடுக் இருக்கிறது. அப்படியும் அடுத்ததைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். பட்ஜெட் சின்னது, படப்பிடிப்பு முழுக்க அந்த ஒரே வீடுதான். எங்கிருந்து திருத்த ஆரம்பிக்கலாம்?

வெட்டுமேசை பதில்:

எடிட்டிங்கிலிருந்து எழுத வந்தவள் நான். எனவே ஸ்கிரிப்டை எங்கே வெட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வீட்டுக்காரர் அந்த வாக்கியத்தைச் சொல்வது உங்கள் ஸ்கிரிப்டில் எத்தனையாவது பக்கம்? படமாக எழுதியிருந்தால் எட்டு, ஒன்பதாவது பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதாவது இரண்டாவது எபிசோடின் நடுவில். முதல் எபிசோட் முழுக்க மூன்று பேரையும் வீட்டையும் அறிமுகம் செய்வதிலேயே தீர்ந்துவிடும். அந்த வாக்கியத்தை முதல் நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். யார் எப்படிப்பட்டவன் என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். அதைக் கேட்டதும் ஒருவன் கத்துவான், ஒருவன் கணக்குப் போடுவான், ஒருவன் பேசாமல் பாத்திரத்தை மூட்டை கட்டுவான். அறிமுகம் அங்கேயே முடிந்தது.

அப்புறம், ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு எட்டு எபிசோடையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி: இந்த எபிசோடில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், முடியும்போது எது மாறிவிட்டது. மூன்றாவது வரிதான் முக்கியம். உங்கள் கதையில் அந்த இடத்தில் "சந்தேகம் கூடுகிறது" என்று மூன்று முறையாவது வரும். சந்தேகம் கூடுவது மாற்றம் இல்லை. கல்யாணம் ஆகப்போகிறவன் அடுத்தவனின் பெட்டியை உடைத்துப் பார்த்துவிட்டான் என்றால் அது மாற்றம். இனி அந்தப் பெட்டியைப் பழையபடி பூட்டி வைக்க முடியாது. ஒரே மாற்றத்தைத் திரும்பச் சொல்லும் எபிசோடுகளைச் சேர்த்துவிடுங்கள். எட்டு, ஆறாகக் குறைந்தால் குறையட்டும்.

திடுக் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கதவு தட்டுகிறது, கட். அடுத்த எபிசோடில் திறந்தால் பார்சல் கொண்டுவந்தவர். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பார்வையாளர் அடுத்த கதவை நம்ப மாட்டார். கதாபாத்திரம் ஒன்றைச் செய்து முடித்த பிறகு வெட்டுங்கள். பெட்டியின் பூட்டு உடைந்து கீழே விழுகிறது, உள்ளே அவன் தேடியது இல்லை, வாசலில் பெட்டிக்காரன் நிற்கிறான். இங்கே எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் இருவரும் அடுத்து என்ன பேசுவார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

ஆறு நிமிடத்தில் இரண்டு சீன், மிஞ்சினால் மூன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு வந்த கணக்கு. தமிழில், அதுவும் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதினால் கணக்கு எங்கேயோ போய்விடும். மூன்று பேரை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நடப்பது, பெட்டி இறக்குவது போன்ற செயல்களுக்கு நீங்கள் இடைவெளி விட்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பாருங்கள்.

கதைநாள் பதில்:

வெட்டுமேசை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எல்லா முடிவுக்கும் அந்த அழுத்தம் தேவையில்லை. 2019-இல் வந்த 'ஸ்டேட் ஆஃப் தி யூனியன்' தொடரில் 10 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். பிரிந்து நிற்கும் கணவனும் மனைவியும் திருமண ஆலோசகரிடம் போவதற்கு முன் எதிரே உள்ள பப்பில் உட்கார்ந்து பேசுவதுதான் தொடர். அதற்கு எம்மி விருதுகளும் கிடைத்தன. பேச்சில் இருவருக்கும் இடையே என்ன நகர்ந்தது என்பதே அங்கே ஆளை இழுத்துப் பிடிக்கிறது. உங்கள் எட்டில் குறைந்தது இரண்டு எபிசோடாவது அப்படி அமைதியாக முடியட்டும். இல்லையென்றால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும்.

நான் அசிஸ்டென்ட் டைரக்டராக ஷெட்யூல் போடும் ஆள். உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கவலை வேறு. வீடு காலியாகிக்கொண்டே வருகிறது! முதல் எபிசோடில் அலமாரி நிறையப் பொருள், கடைசியில் வெறும் சுவர். பொதுவாக ஹால் சீன் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவோம். இங்கே அப்படிச் செய்தால் எடுத்த பொருளைத் திரும்ப அதே இடத்தில் அடுக்க வேண்டியிருக்கும், கண்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் பொருட்கள் பொருந்தி நிற்பது, கந்தலாகிவிடும். இதை எழுதும்போதே தீர்க்கலாம். எந்த அறை எந்த எபிசோடில் காலியாகிறது என்று முடிவு செய்து, ஒவ்வொரு சீன் தலைப்பிலும் "நாள் 3, இரவு, ஹால் பாதி காலி" என்று எழுதுங்கள். கதை வரிசையிலேயே எடுக்கலாம். நடிகர்களுக்கும் அது நல்லது. சுவரில் நாற்காலி உரசிய தடம், கழற்றிய படத்தின் பின்னால் இருக்கும் வெளுத்த சதுரம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

வெறும் அறையில் பேச்சு எதிரொலிக்கும், அதையும் யோசித்து வையுங்கள். கடைசி எபிசோடுகளில் நீளமான வசனம் வேண்டாம். இல்லையென்றால் கேமராவுக்குப் பின்னால் போர்வைகளைத் தொங்கவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, செங்குத்தாக 9:16-இல் எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் மூன்று பேரை அக்கம்பக்கமாக உட்காரவைக்கும் சீன் எல்லாம் திணறும். இருவர் சீன்களாக மாற்றி, மூன்றாமவனைப் பின்னால் கதவருகே நிறுத்துங்கள். உங்கள் கதைக்கு அது பொருத்தம்தான், எப்போதும் ஒருவன் ஒட்டுக்கேட்கிறான்.

காலிவீடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வாக்கியம் ஒன்பதாவது பக்கத்தில்தான் இருக்கிறது. படுக்க வைத்த 16:9-தான் எடுக்கிறோம். மூன்று வரித் தாள் போட்டுப் பார்த்தேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மூன்றிலும் ஒன்றுமே மாறவில்லை. அதனால் ஒரு யோசனை: வேலை போனவன்தான் பணத்தை வாங்கினான் என்பதை நான்காவதிலேயே சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டால் மீதி நான்கு நிற்குமா?

வெட்டுமேசை பதில்:

நிற்கும், தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டாம். ஊருக்குப் போகிறவனுக்கு மட்டும் தெரியட்டும், பார்வையாளருக்கும் தெரியட்டும். அதுவரை "யார்?" என்று கேட்டவர்கள் இனி "இவன் சொல்வானா, மாட்டானா?" என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகப்போகிறவன் அந்தப் பணத்தை நம்பி மண்டபத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தால், ஐந்தாவது எபிசோடில் சாதாரணமாகச் சாப்பிடும் சீன்கூடத் தாங்க முடியாததாகிவிடும். ஐந்தை முழுக்க ஊருக்குப் போகிறவன் பக்கத்திலிருந்து எழுதுங்கள். பணம் எதற்குப் போனது என்பதை ஏழு வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான்கிலேயே அதற்கு ஒரு தடயம் வேண்டும், மருந்துச் சீட்டோ பஸ் டிக்கெட்டோ, ஃப்ரேமின் ஓரத்தில் இருந்தால் போதும். புதிய நான்கையும் ஐந்தையும் எழுதியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.