சயான் மட்டும் விட்டு விட்டு வருகிறது, ஹெட் கிளீனிங் கொடுத்தும் சரியாகவில்லை

மைத்துளி:
டாங்க் வைத்த இங்க்ஜெட் பிரிண்டர், சில மாதங்களாகப் பயன்படுத்தாமல் இருந்தது. இப்போது ஆன் செய்தால் கருப்பு, மஞ்சள், மெஜந்தா மூன்றும் ஒழுங்காக வருகின்றன, சயான் (பச்சை கலந்த நீலம்) மட்டும் கோடு கோடாக வெட்டுகிறது, பச்சை வர வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் வரி ஓடுகிறது. டாங்கில் மை பாதிக்கு மேல் இருக்கிறது. ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்தால் ஒரு தடவை பரவாயில்லை, அடுத்த தடவை முன்பைவிட மோசம். ஹெட்டைக் கழற்ற முடியாத மாடல். வீட்டிலேயே சரி செய்ய வழி உண்டா? ஆல்கஹால் விடலாம் என்கிறார்கள், விடலாமா?

பழைய மெக்கானிக்:
முதலில் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, வீணான மையைத் தேக்கும் வேஸ்ட் இங்க் பேடுக்குப் போகிறது, அந்தப் பேட் நிறைந்தால் பிரிண்டரே வேலை செய்ய மறுத்துவிடும்.

நாசில் செக் (ஹெட்டின் மைத்துளைகளான நாசில்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) ஒன்று எடுங்கள், கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று எடுங்கள், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சயான் கட்டத்தில் விடுபட்ட கோடுகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் மை காய்ந்து நாசில் அடைத்திருக்கிறது. இடம் மாறி மாறி விடுபட்டால் பெரும்பாலும் அடைப்பு இல்லை, மைக்குழாயிலோ ஹெட்டுக்குள்ளோ காற்று புகுந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் காற்று மேல்தான் சந்தேகம், காய்ந்த மை ஒரு தடவை நன்றாகவும் அடுத்த தடவை மோசமாகவும் மாறி மாறி நடிக்காது. காற்று என்றால் தண்ணீர், ஆல்கஹால் எதை விட்டும் பயனில்லை. அச்சடிக்காமல் 12 மணி நேரம் சும்மா விடுங்கள் (எப்சன் டாங்க் மாடல்களின் கையேட்டிலும் இதே 12 மணி நேரம்தான்), குமிழி அடங்கிய பிறகு ஒரே ஒரு கிளீனிங். அதற்கும் மசியாவிட்டால் மெனுவில் பவர் கிளீனிங் இருக்கிறதா பாருங்கள், அது குழாயில் உள்ள மை முழுவதையும் மாற்றும், அதனால் எல்லா டாங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும்.

காகிதப்பூ:
மேலே சொன்னதோடு கேப்பிங் ஸ்டேஷனையும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஓய்வில் இருக்கும்போது ஹெட் போய் உட்காரும் இடம், சுற்றி ரப்பர் விளிம்பு, உள்ளே சின்ன ஸ்பாஞ்ச். கிளீனிங்கின்போது பம்ப் இதன் வழியாகத்தான் மையை உறிஞ்சுகிறது. ரப்பரில் மை கட்டி ஒட்டியிருந்தால் ஹெட்டோடு சரியாகப் பொருந்தாது, உறிஞ்சுவது காற்றைத்தான். ஹெட் நகரும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் அதைக் கையால் மெதுவாகத் தள்ளி வைக்க முடியும். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ரப்பரைத் துடைத்து, ஸ்பாஞ்ச் மேல் சில சொட்டு விடுங்கள். ஒரு கிளீனிங் கொடுத்த பிறகும் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றால் பம்பிலோ அதன் குழாயிலோ அடைப்பு, ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள்.

நிஜமாகவே காய்ந்த மைதான் என்றால், நார் உதிராத காகிதத் துண்டைப் பட்டையாக மடித்து, வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து ஹெட்டுக்கு அடியில் வையுங்கள், ஹெட்டை அதன் மேல் நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். தடிமனாக மடிக்க வேண்டாம், நாசில் தகடு உரசும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதில் உள்ள உப்பு காய்ந்தால் அதுவே புது அடைப்பு. ஆல்கஹாலை நான் பரிந்துரைக்க மாட்டேன், சில பிக்மென்ட் மைகள் (நுண்ணிய நிறத்துகள் கலந்தவை) அதில் பட்டால் கரைவதற்குப் பதில் திரிந்து கட்டியாகும்.

மூன்றாம்நிறம்:
சிரிஞ்சில் குழாய் மாட்டி அழுத்தினால் உடனே திறந்துவிடுமே?

பழைய மெக்கானிக்:
திறக்கும், ஹெட்டைக் கெடுக்கவும் செய்யும். பீசோ ஹெட்டின் (மையைச் சூடாக்காமல் அதிர்வால் தள்ளும் வகை) உள்ளே இருப்பவை மிக மெல்லிய பாகங்கள், அழுத்தம் கூடினால் உள்சுவர் விரிசல் விட்டு ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். தள்ளுவதென்றால் சொட்டுச் சொட்டாக, கை கனமே தெரியாமல் தள்ள வேண்டும், தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் உள்ள மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை, நாசில் பக்கத்தை வெதுவெதுப்பான ஈரத் துணியில் சில நிமிடம் வைத்து ஒற்றி எடுத்தால் போதும், செப்புத் தொடுமுனைகள் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அந்த வகை ஹெட் மையைச் சூடாக்கித் தெறிக்க வைப்பது, மை இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் உள்ளிருக்கும் சூடேற்றி கருகிவிடும்.

மைத்துளி:
இரண்டு தாளையும் ஒப்பிட்டேன், விடுபட்ட இடங்கள் வேறு வேறுதான். ரப்பர் விளிம்பில் ஒரு பக்கம் கெட்டியாக மை இருந்தது, துடைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் ஒரு கிளீனிங் கொடுத்தேன். சயான் கட்டம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது, ஓரத்தில் ஒரே ஒரு கோடுதான் இல்லை. இதற்கும் பவர் கிளீனிங் வேண்டுமா?

காகிதப்பூ:
வேண்டாம், ஒரு கோட்டுக்காக அவ்வளவு மையை வீணாக்காதீர்கள். சயான் நிறைய உள்ள பக்கங்கள் சில அடித்துப் பாருங்கள், மை ஓட ஓட அதுவே வந்துவிடலாம். இனிமேல் சுவர் சுவிட்சை அணைத்து நிறுத்தாதீர்கள், பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் போய் மூடியில் உட்காரும். அப்புறம் வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடியுங்கள்.