பஞ்சாயத்து கணக்கு விஷயம், சட்டம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், மயிலாடுதுறை பக்கம் எங்க நரிக்குறவர் தெருவுல 30 குடும்பம் இருக்கோம், 2022 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு எங்கள எஸ்டி லிஸ்ட்ல சேத்தாங்க, ஆனா தெருவுக்கு சிமெண்ட் ரோடு இன்னும் வரல. போட்டாச்சுன்னு கணக்குல இருக்காம்! மழை பேஞ்சா ஊசிமணி பையத் தலையில வச்சிக்கிட்டு முழங்கால் சேத்துலதான் வெளிய வரோம்.

தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சிருச்சு, அவர்ட்ட கேட்டா ஆபீஸ்ல கேளுங்கறாரு, ஆபீஸ்ல கேட்டா அவர்ட்ட கேளுங்கறாங்க. கிராம சபையில எங்க ஆளுங்க வாயத் தொறந்தா அப்பறம் பேசலாம்னு உக்கார வச்சிருவாங்க (கையெழுத்துக்கு மட்டும் மறக்காம கூப்பிடுவாங்க).

பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டேன், 30 நாள் தாண்டியும் பதில் இல்ல. முதல் அப்பீல் யார் பேருக்கு எழுதணும், எம்-புக் (போட்ட வேலைய அளந்து எழுதி வைக்கிற நோட்டு) காப்பி கேக்கலாமா? எஸ்டிக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டுங்கறாங்களே, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. சாதி சான்றிதழ் இன்னும் கைக்கு வராத பெருசுங்களையும் மனுவுல சேக்கலாமா? அக்டோபர் 2 கிராம சபைக்குள்ள பேப்பர ரெடி பண்ணணும்.