வீடியோ உள்ள போல்டரைத் திறந்தாலே எக்ஸ்புளோரர் மூடிக்கொள்கிறது: போர்மட் பண்ணாமல் வழி உண்டா?

உவர்மலைக்காரி:

வணக்கம். என்னுடையது விண்டோஸ் 10 லெப்டொப். படங்கள், பிடிஎஃப் உள்ள போல்டர்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. வீடியோக்கள் உள்ள போல்டரைத் திறந்தால் மட்டும், மேலே அந்தப் பச்சைக் கோடு பாதித் தூரம் ஓடும், பிறகு கீழே டாஸ்க்பார் உட்பட எல்லாம் மறைந்து திரும்ப வரும். போல்டர் மூடியிருக்கும். எந்த வீடியோவையும் நான் கிளிக் பண்ணுவதுகூட இல்லை.

அதில் இருப்பவை சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது எங்கள் வாசலில் எடுத்தவை. வருடா வருடம் ஒவ்வொருவருடைய போனிலும் எடுத்ததை நான்தான் வாங்கிச் சேர்த்து வைத்தேன். ஒன்றில் அம்மா நிறைகுடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, குத்துவிளக்கு அணையாமல் சேலைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு, தோரணம் சரிந்திருக்கிறது என்று அண்ணாவை ஏசுவார். அம்மாவின் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான். ஆட்டைத் திவசத்துக்கு எல்லோரும் வருகிறார்கள், அன்றைக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு கடையில் கொடுத்துக் கேட்டேன். போர்மட் பண்ணிப் புது விண்டோஸ் போடுவதுதான் வழி என்றார்கள். வேறு பிரதி இல்லாததால் மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

சல்லிக் கடல்:

போல்டரின் வலப்பக்கம் பிரிவியூ பேன் திறந்திருந்தால் மூடிப் பாருங்கள். அப்புறம், வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் நேரே திறக்க முடிகிறதா?

உவர்மலைக்காரி:

பிரிவியூ பேன் மூடித்தான் இருக்கிறது. வி.எல்.சி.யில் மீடியா, ஓபன் பைல் என்று போய் அந்த போல்டருக்குள் நுழைந்தால் வி.எல்.சி.யும் சேர்ந்து மூடுகிறது. இதைப் பார்த்துத்தான் பயம் கூடிவிட்டது. வீடியோக்களே பழுதாகிவிட்டனவா?

உப்புவெளியான்:

அக்கா, தயவுசெய்து போர்மட்டுக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் நல்ல செய்தி. வி.எல்.சி. தன் சொந்த கோடெக்குகளை, அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்களை, வைத்துத்தான் வீடியோவை ஓட்டும். ஆனால் பைல் தெரிவு செய்யத் திறக்கும் ஜன்னல் அதனுடையது இல்லை, விண்டோஸ் கொடுப்பது. எக்ஸ்புளோரரை விழுத்தும் அதே பொருள் அந்த ஜன்னலோடு வந்து வி.எல்.சி.யையும் விழுத்துகிறது. வி.எல்.சி. எந்த வீடியோவையும் தொடுவதற்கு முன்பே மூடிவிட்டது. ஆகவே உங்கள் வீடியோக்களைச் சந்தேகப்பட இதில் காரணம் இல்லை.

போல்டர் திறந்ததும் ஒவ்வொரு வீடியோவுக்கும் தம்நெயில், அதாவது அந்தச் சிறிய படம், தேவைப்படும். அதை உருவாக்க ஒரு டிஎல்எல், அதாவது வேறு புரோகிராமுக்குள் ஏறி வேலை செய்யும் நிரல், வீடியோவைப் பிரித்துப் பார்க்கும். விண்டோஸ் பொதுவாக அந்த வேலையைப் புறம்பான ஒரு புரொசஸில் விடும், விழுந்தாலும் அது மட்டும் விழும். ஆனால் சில கோடெக் பேக்குகள் போடும் டிஎல்எல்கள் அந்தத் தடுப்பை நீக்கிவிட்டு எக்ஸ்புளோரருக்குள்ளேயே வந்து இருக்கும். அப்போது அது விழுந்தால் டாஸ்க்பாரும் போகும், ஏனென்றால் டாஸ்க்பாரும் எக்ஸ்புளோரர்தான்.

எதைத் திருத்தவும் முன்னர் பிரதி எடுங்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதோடு ஒரு பைல் மனேஜரும் வரும். அது தம்நெயில் காட்டாது, அதனால் இந்த போல்டரைத் தைரியமாகத் திறக்கலாம். எல்லாவற்றையும் தெரிவு செய்து எஃப்5 அழுத்தி பென் டிரைவின் டிரைவ் எழுத்தை (E:\ போன்றதை) கொடுங்கள். பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. அப்படியென்றால் பென் டிரைவைத்தான், அதுவும் உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, எக்ஸ்ஃபாட்டாக மாற்றவேண்டும்.

பிரதி கைக்கு வந்தபின் கன்ட்ரோல் பனலில் 'பைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸ்', அதில் 'வியூ'. 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்நெயில்ஸ்' என்பதைச் சரி போடுங்கள். இப்போது போல்டர் திறந்தால் காரணம் தம்நெயில்தான். அப்படியும் விழுந்தால் 'டீட்டெயில்ஸ்' வியூவில் வரும் வீடியோ நீளம், அகலம் என்ற பத்திகளைப் பார்க்கவேண்டும். அவற்றை நிரப்பவும் இன்னொரு டிஎல்எல் வீடியோ பைலுக்குள் நுழையும்.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள், குற்றவாளியின் பெயர் தெரியவேண்டும். ஸ்டார்ட்டில் 'இவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. எக்ஸ்புளோரர் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு இவென்ட் ஐடி 1000 இருக்கும். அதில் 'ஃபோல்ட்டிங் மாட்யூல் நேம்' என்ற வரியில் உள்ள பெயரையும், அதன் கீழ் 'ஃபோல்ட்டிங் மாட்யூல் பாத்' என்று வருவதையும் இங்கே எழுதுங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் போர்மட் சொல்வது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம். எத்தனை வீட்டின் கல்யாணப் படங்கள் இப்படிப் போயிருக்கின்றன.

மூதூர் லினக்ஸ்:

7-ஜிப் சரிவராவிட்டால் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் பண்ணியும் பிரதி எடுக்கலாம், டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. அங்கே தம்நெயில் செய்வது புறம்பான புரோகிராம். அது விழுந்தால் படம் வராது, அவ்வளவுதான்.

உவர்மலைக்காரி:

தம்பி, பிரதி எடுத்துவிட்டேன். அம்மாவின் வீடியோ பென் டிரைவில் இருந்து மகளின் லெப்டொப்பில் ஓடியது. எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை, நன்றி.

தம்நெயிலை நிறுத்தியதும் போல்டர் திறந்தது. நீங்கள் சொன்ன வரியில் இருந்த பெயர் விண்டோஸுடையது இல்லை. பாத்தைப் பார்த்தால் 'புரோகிராம் பைல்ஸ்' உள்ளே ஒரு கோடெக் பேக். லெப்டொப் வாங்கும்போதே யாரோ போட்டுக் கொடுத்தது. எடுத்துவிடலாமா? எடுத்தால் வீடியோக்கள் ஓடுமா?

இன்னொன்று. ஒரு வீடியோ மட்டும் எங்குமே ஓடவில்லை. அளவு பெரிதாகத்தான் காட்டுகிறது. சுவாமி எங்கள் சந்தி திரும்பும் நேரத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோதே அண்ணாவின் போன் சார்ஜ் இல்லாமல் நின்றுபோனது.

உப்புவெளியான்:

எடுத்துவிடுங்கள் அக்கா. வி.எல்.சி.க்கு அது தேவையே இல்லை. புதிய போன்களில் எச்.265 என்ற சுருக்கும் முறையில் எடுத்த வீடியோவும் வி.எல்.சி.யில் ஓடும். ஆனால் எக்ஸ்புளோரரில் அவற்றுக்குத் தம்நெயில் வராமல் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் எச்.265 எக்ஸ்டென்ஷன் இல்லாத கணினியில் அது வழமை. பேக்கை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் செய்து, 'டிஸ்க் கிளீனப்'பில் 'தம்நெயில்ஸ்' என்பதை மட்டும் சரி போட்டு அழித்தபின், முன்பு போட்ட அந்தச் சரியை எடுங்கள்.

ஓடாத வீடியோவைத் தயவுசெய்து அழிக்க வேண்டாம். எம்பி4 பைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை 'மூவ்' என்ற பகுதியில் இருக்கும். போன்கள் பெரும்பாலும் அதை ரெக்கோர்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும். சார்ஜ் போனதால் அட்டவணை எழுதப்படவில்லை, காட்சியும் சத்தமும் உள்ளேதான் இருக்கவேண்டும். 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருள் அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். பிரதியில் மட்டும் செய்யுங்கள். எல்லாம் மீளும் என்று உறுதி சொல்லமாட்டேன், ஆனால் முயல வேண்டிய வேலை.

உவர்மலைக்காரி:

பேக்கை எடுத்தாயிற்று, தம்நெயிலோடேயே போல்டர் திறக்கிறது. அதே இரவு அதே போனில் எடுத்த வேறு இரண்டு வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன, அவை நன்றாக ஓடுகின்றன. அவற்றில் எதை மாதிரியாகக் கொடுக்கலாம்?

உப்புவெளியான்:

ஓடாத வீடியோவில் பிடித்தது போலவே போனைப் பிடித்து எடுத்தது எதுவோ அதை முதலில் கொடுங்கள். சரிவராவிட்டால் மற்றதைக் கொடுத்துப் பாருங்கள்.